நான் போகாத செவ்வாய்க்கிழமை

என் பெரியப்பா எழுதி வைத்த டிரஸ்ட் பத்திரம் ஒன்பது பக்கம். எட்டுப் பக்கங்களால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. நான்காம் பக்கத்தில், கீழிருந்து ஆறாவது வரியில் தொடங்கும் ஒரு வாக்கியம்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. பத்திரத்தைப் பார்க்காமலே அதை என்னால் இப்போதும் எழுத முடியும்: "டிரஸ்டிகள் மூவரும் வருடந்தோறும் மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் நேரில் கூடி, ஒருவர் முன்னிலையில் ஒருவர் கையெழுத்திட்டு எடுக்கும் தீர்மானம் மட்டுமே செல்லும். வேறு நாளில், வேறு இடத்தில், தனித்தனியே கையெழுத்திட்டது எதுவும் செல்லாது."

அவர் இப்படி எழுதியதற்குக் காரணம் உண்டு. இளம் வயதில் ஒரு கூட்டு வியாபாரத்தில் இருந்தார். கூட்டாளிகள் ஒரு தாளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி அவரைக் கழற்றிவிட்டார்கள். அதன் பிறகு கண்ணெதிரே போடாத கையெழுத்தை அவர் மதித்ததே இல்லை. மகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் இருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே அவருக்கு நாலு ஏக்கர் சவுக்குத் தோப்பு. மகத்தன்று கடலாட வருகிறவர்களுக்கு, முக்கியமாக முன்னாலேயே குடும்பத்தோடு வந்து மணலில் புடவைக் கூடாரம் கட்டித் தங்கும் இருளர்களுக்கு, புளிச்சோறும் மோரும் கொடுப்பார். எப்படியும் அன்று எல்லோரும் கடற்கரையில்தான் இருப்போம், வேலையையும் அங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்.

1970 ஆவணியில் அவர் இறந்தார். பிள்ளை இல்லை. தோப்பும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மரம் வெட்டி விற்றுச் சேர்த்த பணமும் டிரஸ்டுக்குப் போயின. டிரஸ்டின் நோக்கங்கள் இரண்டு. ஒன்று, மகத்தன்று சோறு. மற்றது, "காலஞ்சென்ற என் தம்பியின் மகளுடைய படிப்புக்கோ பிழைப்புக்கோ கல்யாணத்துக்கோ, அவள் விரும்பும் ஒன்றுக்கு" உதவுவது. அவள் என் சித்தப்பா மகள், எனக்குத் தங்கை முறை. சித்தப்பா போனபோது அவளுக்குப் பதினொரு வயது.

மூன்று டிரஸ்டிகளில் ஒருவன் நான். செங்கல்பட்டில் தபால் ஆபீசில் குமாஸ்தா. இரண்டாமவர் பெரியம்மாவின் தம்பி. எனக்கு மாமா. கருங்குழியில் நெல் மில் வைத்திருந்தார். மூன்றாமவர் தோப்புக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீன் வியாபாரம் செய்தவர். பெரியப்பாவைவிடப் பத்து வயது இளையவர், ஆனால் இருவருக்கும் அப்படி ஒரு சிநேகம். உறவுக்காரர்களை நம்பாத பெரியப்பா வெளியாள் ஒருவராவது இருக்கட்டும் என்று அவரைச் சேர்த்தார்.

டிரஸ்ட் என்றால் ஏதோ பெரிய சொத்து என்று வெளியில் நினைத்தார்கள். நான்தான் நோட்டு எழுதுகிறவன், எனக்குத் தெரியும். வங்கி வட்டியில் நிலவரிக் கிஸ்தி கட்ட வேண்டும். முள்வேலி வருடா வருடம் சரிந்துவிடும். காவலுக்கு ஆள், ஆடிட்டருக்கு ஃபீஸ், வங்கி கேட்கும் நகலுக்கெல்லாம் ஸ்டாம்பு. வட்டியில் கால் பங்கு சோற்றுக்குப் போனால், கால் பங்குக்கு மேல் சோறு போட்டதற்கு அத்தாட்சி வைப்பதற்குப் போனது. இதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. காகிதம் சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பியவன் நான். பள்ளி இறுதி வகுப்பிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆபீசில் தினமும் காலை தேதி முத்திரையின் எண்களை மாற்றி, ஒரு வெற்றுத்தாளில் குத்திப் பார்ப்பது என் வேலை. பன்னிரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அந்த முத்திரை தப்புத் தேதி காட்டியதில்லை. இதில் எனக்குப் பெருமை உண்டு.

இனி வருகிற சம்பவம் எழுபதுகளின் நடுவில் ஒரு மாசியில் நடந்தது. எந்த வருடம், எந்தத் தேதி என்பது என் நாட்குறிப்பில் இருக்கிறது. பெயர்களை விட்டுவிட்டு எழுதும்போது அதை மட்டும் எழுதினால் ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். அதனால் விடுகிறேன்.

தங்கைக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் சித்தியோடு இருந்தாள். அதே தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். லோயர், ஹையர் இரண்டும் அங்கே பாஸ் செய்து, பிறகு அங்கேயே காலை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதை நடத்திய மாஸ்டர் பெங்களூரில் மகனிடம் போய்விட முடிவு செய்தார். ஏழு மெஷின், மேஜைகள், போர்டு, வாடகை இடம், படிக்கிற அறுபது பேர், எல்லாம் சேர்த்து ஒரு விலை சொன்னார். பங்குனி முடிகிறவரை அவளுக்காகக் காத்திருப்பதாகவும் சொன்னார். அவள் தன் சேமிப்பிலிருந்து நூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, படிப்பு வேணாம், கல்யாணம் வேணாம். பெரியப்பா பிழைப்புன்னு ஒண்ணு எழுதி வச்சாரே, அத்த எடுத்துக் குடு."

"கல்யாணம் வேணாமா? சித்தி ஒத்துக்கிட்டாங்களா?"

"அம்மாக்கு என்ன? ஏழு மாப்பிள்ளைய வரிசையா ஒக்கார வச்சிருக்கேன்னு சொல்லிட்டேன். ஒருத்தனும் எதுத்துப் பேசமாட்டான், தட்டுனா மட்டும் சத்தம் போடுவான்."

பணம் வங்கியில் இருந்தது. டிரஸ்டின் நோக்கம் தெளிவாக இருந்தது. மற்ற இருவருக்கும் ஆட்சேபம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். மகத்தன்று மூன்று கையெழுத்துப் போட்டால், தீர்மானத்தின் நகலை வாங்கிக்கொண்டு வங்கி பணம் கொடுத்துவிடும். மகத்துக்கும் பங்குனி முடிவுக்கும் நடுவே ஒரு மாதம் இருந்தது. நான் அவளிடம், "மெஷினுக்கு எண்ணெய் போட்டு வை" என்றேன்.

தை கடைசியில் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இரண்டு பஞ்சாங்கம் உண்டு. அப்பா காலத்திலிருந்து வரும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று, நான் வாங்கும் திருக்கணிதம் ஒன்று. பழைய வாய்பாட்டின்படி கணிப்பது முதலாவது. வானத்தில் கிரகம் இருக்கிற இடத்தை ஒட்டிக் கணிப்பது இரண்டாவது. வழக்கமாக இரண்டுக்கும் சில நாழிகைதான் வித்தியாசம், நாள் மாறாது. அந்த வருடம் அந்தச் சில நாழிகை, நட்சத்திரம் எந்த நாளுக்கு என்று முடிவாகும் விடியற்காலையின் மேல் விழுந்துவிட்டது. திருக்கணிதத்தில் மகம் திங்கள். வாக்கியத்தில் செவ்வாய்.

இந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒரு கார்டு எழுதுவது: "மாமா, இந்த வருஷம் நாள் இரண்டாகக் காட்டுகிறது, உங்களுக்கு எது சௌகரியம்?" நான் செய்தது, மூன்று பக்கக் கடிதம் எழுதியது. வானசாஸ்திரம் பற்றி நான் படித்திருந்ததை எல்லாம் அதில் கொட்டினேன். வாய்பாடு எப்போது ஏற்பட்டது, எவ்வளவு பிசகிவிட்டது, படித்தவர்கள் ஏன் திருக்கணிதத்தை ஏற்கிறார்கள் என்று விளக்கினேன். கடைசியில், "ஆகவே உண்மையான மகம் திங்கட்கிழமையே" என்று முடித்து, "உண்மையான" என்ற சொல்லுக்குக் கீழே கோடும் போட்டேன்.

அதற்கு பதில் வரவில்லை. வந்துவிடுவார் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தங்கையும் நானும் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்கினோம். தீர்மான வாசகத்தை அவளே டைப் செய்திருந்தாள், மூன்று கையெழுத்துக்கு மூன்று கோடு விட்டு. தோப்பில் சமையல்காரர் இரண்டு அண்டா புளிச்சோறு இறக்கியிருந்தார். அதைக் கட்டை வண்டியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். மணலில் கூடாரங்கள் இருந்தன, ஆனால் ஆட்கள் குறைவு. இருளர் குடும்பங்கள் பல இன்னும் வழியில் இருப்பதாகச் சொன்னார்கள். எந்தக் கோயில் சாமியும் கரைக்கு வரவில்லை. மீன் வியாபாரி எங்களுக்கு முன்பே வந்து, கவிழ்த்திருந்த கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா தம்பி, மில்லுக்காரரு வரலியா?"

"வருவார். கடிதம் போட்டிருக்கேன்."

"கடுதாசி போட்டா வர்ற ஆளா அவரு? நேர்ல போயி இட்டாந்திருக்கணும்." பிறகு கரையைக் கையால் காட்டினார். "பாரு, ஜனமே இல்ல. நாளைக்குத்தான் மகம்னு குப்பமே சொல்லுது. அவரும் நாளைக்குத்தான் வருவாரு, எய்தி வச்சுக்கோ."

"இன்னிக்குத்தாங்க மகம். கணக்குப்படி இன்னிக்குத்தான்."

"கணக்கு கீது, சரி. சாமி எங்க கீது?"

தங்கை சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. சாயங்காலம் வரை இருந்தோம். ஒன்றரை அண்டா சோறு மீந்தது. குப்பத்துக்கு அனுப்பியது போக மிச்சம் அன்றே புளித்து வீணாயிற்று. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மீன் வியாபாரி என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தம்பி, நான் சொல்றத கேளு. நாளைக்கும் வந்துடு. பாப்பாவோட வேல இது. ஒரு நாள் லீவு போட்டா போஸ்ட்டாபீசு கடலுக்குள்ள பூடாது."

தங்கை என்னைப் பார்த்தாள். எனக்கு இன்னும் லீவு இருந்தது. கேட்டால் கொடுத்திருப்பார்கள். ஆனால் செவ்வாயன்று போனால், செவ்வாய்தான் மகம் என்று நான் ஒப்புக்கொண்டதாகும், மூன்று பக்கக் கடிதம் வெறும் பேச்சாகும். அப்போது நான் சொன்ன காரணம் வேறு. "பத்திரத்தில் மாசி மகத்தன்று என்று இருக்கிறது. நாளைக்கு மகம் இல்லை. நாளைக்குப் போடுகிற கையெழுத்துச் செல்லாது."

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஆபீசுக்குப் போனேன். முத்திரையை மாற்றினேன். குத்திப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அன்று மாமா கடற்கரைக்கு வந்தார். வெள்ளை வேட்டி கட்டி, ஒரு மூட்டை மில் அரிசியோடு, சோற்றுக்கு உதவட்டும் என்று வாடகைக் காரில் வந்திருக்கிறார். கூட்டம் வந்திருந்தது. சாமிகள் வந்திருந்தன. சோறு இல்லை, அண்டா இல்லை, நானும் இல்லை. மீன் வியாபாரி மட்டும் அதே கட்டுமரத்தில் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ரெண்டு நாளும் குந்திகினு கீறவன் நான் ஒருத்தன்தான்" என்று அதன்பின் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த ஞாயிறு கருங்குழிக்குப் போனேன். மீன் வியாபாரியும் தானாகவே வந்து சேர்ந்துகொண்டார். மில் ஓடவில்லை. மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தவிட்டு மூட்டைகளை எண்ண ஆளை விரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"வா மாப்ள. பஞ்சாங்கம் இன்னா சொல்லுது? இன்னிக்கு ஞாயித்துக்கெழமதானா, இல்ல அதுவும் தப்பா?"

"மாமா, நான் மரியாதைக் குறைவா எதுவும்..."

"எங்கப்பா, எங்க தாத்தா எல்லாம் பொய்யான மகத்துலதான் முழுவி எழுந்தாங்க. நீ கோடு போட்டு எய்திக் குடுத்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

மீன் வியாபாரி குறுக்கே வந்தார். "மில்லுக்காரரே, அத வுடு. பொண்ணுக்குப் பணம் வோணும். தாளு இங்க கீது, பேனா இங்க கீது. மூணு பேரும் இங்க கீறோம். ஒரு தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. கடலுக்கு இன்னா தெரியும்?"

மாமா மூட்டை எண்ணிய ஆளைக் கையால் நிறுத்தச் சொன்னார். அவர் கோபக்காரர், ஆனால் கெட்டவர் அல்ல. "பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றார். "செவ்வாய்க்கெழமன்னு போடு. போட்டுடறேன்."

அவர் கேட்டது அவ்வளவுதான். தாளில் தேதி இடம் காலியாக இருந்தது. அதில் நான் செவ்வாய்க்கிழமையின் தேதியை எழுதியிருந்தால் மறுநாள் வங்கிக்குப் போயிருக்கலாம்.

நான், "செவ்வாய்க்கிழமை நான் ஆபீசில் இருந்தேன். ரிஜிஸ்தரில் என் கையெழுத்து இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு இடத்தில் நான் எப்படி இருக்க முடியும்? திங்கள் என்று போடுகிறேன்" என்றேன்.

"திங்கக்கெழம நான் மில்லுல இருந்தேன்டா. எனக்கும்தான் கணக்கு நோட்டு கீது."

மீன் வியாபாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "முன்ன ஒரு தபா போட்டமே தம்பி? அப்ப மட்டும் இன்னா, எல்லாரும் கடக்கரையிலயா இருந்தோம்?"

எப்போது என்று நான் கேட்கவில்லை. வாதத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன், அல்லது நினைத்ததாக வைத்துக்கொண்டேன். கையெழுத்தில்லாத தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மாமா பின்னாலிருந்து, "சாப்ட்டுப் போடா" என்றார். நான் சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

பங்குனி முடிவதற்குள் நான் வேறு வழி பார்த்தேன் என்பதையும் எழுத வேண்டும். என் சம்பளத்தில் ஏற்கெனவே வீட்டுக் கடன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நண்பர்களிடம் கேட்டேன், கிடைத்தது மூன்று மெஷினுக்குக்கூடக் காணாது. மீன் வியாபாரி தன் பங்காக இருநூறு கொண்டுவந்தார். தங்கை வாங்கவில்லை. "அது வலை வாங்குற காசு, எனக்கு எதுக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மாஸ்டர் பங்குனி கடைசி நாள் வரை காத்திருந்தார், சொன்ன வார்த்தை தவறாத மனிதர். சித்திரை இரண்டாம் நாள் மதுராந்தகத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் இன்ஸ்டிடியூட்டை வாங்கினார். போர்டை மாற்றினார். அவளை வேலையில் வைத்துக்கொண்டார், மாதம் தொண்ணூறு ரூபாய். மாஸ்டர் நூறு ரூபாய் அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் அழுதாள் என்று சித்தி சொன்னாள். என் எதிரில் அவள் அழுததில்லை.

அடுத்த வருடம் இரண்டு பஞ்சாங்கத்திலும் மகம் ஒரே நாள். மீன் வியாபாரியும் நானும் கடற்கரையில் இருந்தோம். மாமா வரவில்லை. அவரைப் பார்க்கப் போன சித்தியிடம், "எந்த மகம்னு மொதல்ல மாப்ள சொல்லட்டும்" என்றாராம். இரண்டு வருடமாகத் தீர்மானம் இல்லாததால் வங்கி பணம் கொடுக்கவில்லை. தோப்புக் காவலுக்குச் சம்பளம் நின்றது. ஆள் போனான். வேலி விழுந்தது. இரண்டு மாதத்தில் ஐம்பது மரத்துக்கு மேல் ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயின. கிஸ்தி பாக்கிக்கு நோட்டீஸ் வந்தது. சோறு போடவில்லை.

வக்கீலிடம் போனேன். பத்திரத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க பெரியப்பா நல்லவர். ஆனா வக்கீல் வச்சு எழுதியிருக்கலாம்" என்றார். அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்த மாவட்டக் கோர்ட்டில் மனுப் போட வேண்டும், வேறு வழியில்லை. ஒரு தேதி ஏற்படுத்தி, இருவர் கையெழுத்துப் போதும் என்று உத்தரவு வாங்கலாம். அவருடைய ஃபீஸ், கோர்ட் ஸ்டாம்பு, பத்திரிகையில் அறிவிப்பு, மாமாவுக்கு நோட்டீஸ், மாமாவின் வக்கீலுக்கும் டிரஸ்ட் பணத்திலிருந்தே ஃபீஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். கடைசியில் பென்சிலை வைத்துவிட்டேன். அந்தப் பட்டியல் இரண்டு வருடம் முன்னால் ஏழு மெஷினுக்குக் கேட்ட விலைக்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. கூட்டிப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் கூட்டாமல் விட்ட ஒரே பட்டியல் அதுதான்.

மனுவை டைப் செய்ய வேண்டும். வக்கீலின் டைப்பிஸ்ட் லீவில் இருந்தார். "ஸ்டேஷன் பக்கத்து இன்ஸ்டிடியூட்ல குடுங்க, அங்க ஒரு பொண்ணு சுத்தமா அடிக்கும்" என்றார் அவர். அது யாரென்று அவருக்குத் தெரியாது.

சாயங்கால வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் ஜன்னலோரத்து மெஷினில் உட்கார்ந்திருந்தாள். தாள்களைக் கொடுத்தேன். மனு பதினோரு பக்கம். அதோடு பழைய வருடங்களின் தீர்மான நகல்கள். மூவரும் விதிப்படி கூடி நடத்திவந்தார்கள் என்று காட்ட அவை வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கார்பன் வைத்து மூன்று பிரதி. அவள் கண் தாளில், விரல் மெஷினில். நான் காலியான பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின்கள் நன்றாக வைக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் அவள்தான் எண்ணெய் போடுகிறாள் என்று கையில் இருந்த கறையில் தெரிந்தது.

தீர்மான நகல்களில் இரண்டாவதுக்கு வந்ததும் அவள் நிறுத்தினாள்.

"அண்ணா, இது ரெண்டாம் வருஷத்துது."

"ஆமா."

"மாமா அந்த வருஷம் கடற்கரைக்கு வரலியே. பட்டணத்துல ஒரு சாவுக்குப் போயிட்டாரு. ரெண்டு நாள் கழிச்சு ரயில்ல திரும்பும்போது நம்ம ஸ்டேஷன்ல வண்டி நின்னப்ப, பிளாட்பாரத்துல வச்சு நீ கையெழுத்து வாங்கின. நான்தான் டீ வாங்கினு வந்தேன். 'சீக்கிரம் எய்துடா மாப்ள, வண்டி கெளம்பிடும்'னு கத்தினாரு. டீயக் குடிக்காமலே ஏறிட்டாரு. நான்தான் குடிச்சேன்."

தாளில் என் கையெழுத்தில் இருந்தது: மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் மூவரும் நேரில் கூடி. கீழே மகத்தின் தேதி, பிழையில்லாமல்.

மறந்துவிட்டேன் என்று இங்கே எழுத ஆசையாக இருக்கிறது. முழுக்க மறந்திருந்தேன் என்றும் சொல்ல முடியாது. அந்த வருடம் கிஸ்தி கட்ட வேண்டியிருந்தது, முள்வேலி போட வேண்டியிருந்தது. இரண்டு நாள் வித்தியாசம் ஒரு சம்பிரதாயம்தான் என்று நினைத்தேன். மனது கொஞ்சமும் உறுத்தவில்லை. அதை நாட்குறிப்பிலும் எழுதவில்லை. வேலிக்காகப் பொய்த் தேதி போட்ட கை, அவளுக்காகப் போட மறுத்தது. கருங்குழியில் மீன் வியாபாரி சொன்னது இதைத்தான். மாமாவுக்கும் நினைவிருந்திருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று விட்டிருக்கிறார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தாளைத்தான் பார்த்தாள்.

"இப்படியே அடிக்கட்டுமா?"

"அப்படியே அடி" என்றேன்.

அடித்தாள். ஒரு பிழைகூட விடவில்லை.

முடிந்ததும் பக்கங்களை எண்ணினாள். இன்ஸ்டிடியூட்டில் பக்கத்துக்கு இவ்வளவு என்று முதலாளி போட்ட ரேட். கார்பன் பிரதிக்குத் தனி. வெளி வேலையில் பாதி அவளுக்கு. மொத்தம் ஒன்பது ரூபாய் அறுபது காசு. டிரஸ்ட் செலவு என்பதால் வவுச்சர் வேண்டும். கையிருப்பில் மிஞ்சியிருந்த டிரஸ்ட் பணத்தை எண்ணி வைத்து, பையிலிருந்து வவுச்சர் புத்தகத்தை எடுத்தேன். எழுதிக் கொடுத்தேன். அவள் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். பெரியப்பா அவளுக்காக எழுதி வைத்த டிரஸ்டிலிருந்து அவள் கைக்குப் போன முதல் பணம் அந்த ஒன்பது ரூபாய் அறுபது காசில் பாதி.

"தேதி போடலியே" என்றேன்.

"நீயே போட்டுக்கோண்ணா" என்று மெஷினுக்கு உறை மாட்டினாள். "எந்தத் தேதி வேணுமோ, அத்தப் போட்டுக்கோ."

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் அவசரத்தில், விளக்கை அணைக்கக் கையை நீட்டிக்கொண்டே சொன்னாள்.

மனு பதினாலு மாதம் கழித்து எங்கள் பக்கம் முடிந்தது. மாமா எதிர்க்கவில்லை. இப்போது கூட்டத்துக்கு ஆங்கில மாதத்தில் ஒரு தேதி, செங்கல்பட்டில் ஓர் அறை, இருவர் கையெழுத்து. முதல் கூட்டத்தில் அவளுடைய பிழைப்புக்கென்று, கோர்ட் செலவு போக மிஞ்சியதில் ஒரு தொகை ஒதுக்கினோம். அவள் வாங்கிக்கொண்டாள். சித்திக்கு அந்த வருடம் கண் ஆபரேஷன், அதற்குப் போயிற்று. ஜவுளிக்கடைக்காரரின் இன்ஸ்டிடியூட்டில் அவள் பிறகு பல வருடம் சொல்லிக்கொடுத்தாள்.

அந்த வவுச்சருக்கு நான் தேதி போடவில்லை. ஆடிட்டர் பார்த்துவிட்டுப் பக்கத்தில் சிவப்பு மசியில் ஒரு கேள்விக்குறி போட்டார். விளக்கம் கேட்டார். என்னிடம் விளக்கம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். டிரஸ்டின் மொத்தக் கோப்பிலும் தேதியில்லாத தாள் அது ஒன்றுதான். கேள்விக்குறியோடு இப்போதும் என்னிடம் இருக்கிறது.